கைபேசி நகரமும் கைவினை நகரமும்
ஸ்ரீபெரும்புதூர் வட்டார வரலாறு குறித்து ஒரு நோக்கு

நகரங்கள் எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வாறு வளர்கின்றன, எக்காரணத்தால் தேய்கின்றன என்னும் வினாவை ஒரு தனிக்கலையாக வகுத்து ஆராய்ந்த முன்னோடிகளுள் தலையாயவர் இப்னு கல்தூன் (ஹிஜ்ரி 732-808, கி.பி. 1332-1406). தூனிஸில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர், தமது முகத்திமாவில் 'உம்ரான்' எனப்படும் மக்கள் வாழ்வமைப்பைப் பற்றிப் பேசும்போது, தொழில்களுக்கென்றே நீண்டதோர் அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளார். தொழில் என்பது கையும் அறிவும் சேர்ந்து பழகிப் பழகி மனிதனின் இயல்பாகவே ஆகிவிடும் திறன் என்பது அவர் கருத்து. அத்திறனுக்கு அவர் இட்ட பெயர் 'மலகா'. ஒரு நகரத்தில் நாகரிகம் நெடுங்காலம் ஊன்றி நின்றிருந்தால் தொழில்களும் அங்கே வேர்பிடிக்கும். பின்னர் அந்நகரம் நலிந்தாலும் அத்திறன் எளிதில் அழிவதில்லை என்று கூறி, அதற்கு அந்தலுஸை அவர் சான்று காட்டுகிறார்.

இக்கருத்தை உரைகல்லாகக் கொண்டு நம் காலத்து நகரம் ஒன்றை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நகரம் சென்னைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூர். திருத்தணியிலிருந்து திருவள்ளூர் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடந்த கால் நூற்றாண்டில் தொழில்நுட்பத் தொழில்கள் ஒரு சிற்றூரை எவ்வாறு உருமாற்றின, அவ்வுருமாற்றம் திருத்தணி போன்ற சுற்றுவட்டார ஊர்களை எவ்வாறு தன்னோடு பிணைத்துக்கொண்டது என்பதை அறிய இதனினும் தக்க எடுத்துக்காட்டு தமிழகத்தில் அரிது.

ஏரிகளும் ஏவுகணைகளும்

ஸ்ரீபெரும்புதூரின் பழம்பெருமை வைணவப் பெரியார் இராமானுசரால் வந்தது. மரபுவழிக் கணக்கின்படி அவர் 1017ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்தார். கோயிலைச் சுற்றிய வீதிகளும், அவற்றைச் சூழ்ந்த நெல்வயல்களும், வயல்களுக்கு நீரூட்டிய ஏரிகளுமே பல நூற்றாண்டுகளாக இவ்வூரின் உருவம். அடையாற்றின் மூலமாகக் கருதப்படும் செம்பரம்பாக்கம் ஏரி இதற்கு அண்மையிலேயே உள்ளது. ஏரிகளை ஏரிகளோடு இணைக்கும் கால்வாய்களே அன்றைய தொழில்நுட்பம். அதனைப் பேணிய ஊரார் தாம் அன்றைய தொழில்நுட்பர்.

இவ்வட்டாரம் உலகப் போர்க்கலை வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1780ஆம் ஆண்டு ஹைதர் அலீ ஆர்க்காட்டுச் சீமையினுள் படை நடத்தி வந்தபோது, கர்னல் பெய்லி தலைமையிலான ஆங்கிலேயப் படை வடக்கிலிருந்து பேரம்பாக்கம் வழியாகக் காஞ்சிபுரத்தை நோக்கி நகர்ந்தது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஹைதரும் அவர் மைந்தர் திப்புவும் அப்படையை முற்றாக முறியடித்தனர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததே அத்தோல்வியின் திருப்புமுனை. மைசூர் இரும்புக்குழாய் ஏவுகணைகளே அதற்குக் காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அடுத்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று, திருத்தணிக்கு மேற்கிலுள்ள சோளிங்கரில் சர் அயர் கூட் ஹைதரை எதிர்கொண்டு வென்றார்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வேவுகணைகள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் புதிய ஏவுகணைகளை உருவாக்கினார். தொழில்நுட்பம் கடல் கடந்தது. அதனைச் செய்த கைகளோ ஆதரிக்கும் அரசின்றித் தம் திறனை மறந்தன. ஒரு தொழில் தன் மண்ணில் நிலைக்க வேண்டுமாயின் அதனை நாடும் அரசும் சந்தையும் அங்கேயே இருத்தல் வேண்டும் என்று இப்னு கல்தூன் கூறியதை இந்நிகழ்ச்சி மெய்ப்பிக்கிறது.

இருப்புப்பாதையும் எல்லையும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது அரக்கோணம் வழியே சென்றது. பின்னர் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே பம்பாயை நோக்கிப் பிரிந்த பாதையில் திருத்தணி ஒரு நிலையமாயிற்று. ஸ்ரீபெரும்புதூரோ இருப்புப்பாதைக்கு வெளியே நின்றுவிட்டது. ஆகவே புகைவண்டிக் காலத்தில் முன்னேறியவை அரக்கோணமும் திருத்தணியும். நெடுஞ்சாலைக் காலத்தில் முன்னேறியது ஸ்ரீபெரும்புதூர். வழித்தடம் மாறும்போது ஊர்களின் வரிசையும் மாறுகிறது.

திருத்தணிக்கு மற்றொரு தடையும் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபின் அதனோடு இணைந்திருந்த இவ்வூர், 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகவும், பட்டாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படியும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. முதலில் செங்கற்பட்டு மாவட்டத்திலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்துவருகிறது. சென்னை மாநிலத்தின் தொழிற்பேட்டைகள் திட்டமிடப்பட்ட முக்கியமான ஆண்டுகளில் இவ்வூரார் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதே வழக்காக இருந்தது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் தோன்றியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல். பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை இவற்றிற்கு முன்பே, 1955இல், எழுந்திருந்தது; ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை இடையில் எழுந்தது. சென்னையின் தொழில் எல்லை மேற்கே நகர்ந்து வந்தபோதும், திருத்தணியை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது.

திருத்தணி வட்டாரம் தன் பழைய தொழிலையே பற்றி நின்றது. அது நெசவு. பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களில் கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் குடும்பத் தொழிலாக வளர்ந்தன. இதனை நாம் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பேட்டைகள்

தமிழ்நாட்டு அரசு 1971இல் 'சிப்காட்' எனப்படும் தொழில் மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை, நீர், மின்சாரம் அமைத்து, அதனைத் தொழில் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுவது அதன் பணி. 1991ஆம் ஆண்டின் பொருளாதாரக் கொள்கை மாற்றத்திற்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இடம் தேடியபோது, சென்னைத் துறைமுகத்திற்கும் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் இடையே அமைந்த இந்நிலப்பகுதி அவற்றின் பார்வையில் பட்டது. அதே 1991ஆம் ஆண்டு மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இவ்வூரில் படுகொலை செய்யப்பட்டார். அதுவரை உலகம் ஸ்ரீபெரும்புதூரைத் துயரத்தின் பெயராக மட்டுமே அறிந்திருந்தது. அடுத்த பத்தாண்டில் அது சரக்குப் பெட்டிகளின் மீது அச்சிடப்படும் முகவரியாயிற்று.

தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996இல் இந்தியக் கிளையைத் தொடங்கி, அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலையை எழுப்பியது. அதன் முதல் காரான சான்ட்ரோ 1998இல் வெளிவந்தது. பிரான்சு நாட்டின் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலையும் இப்பகுதிக்கு வந்தது. கார் என்பது ஆயிரக்கணக்கான உறுப்புகளின் சேர்க்கை ஆதலால், ஒரு தொழிற்சாலையைத் தொடர்ந்து உதிரிபாகம் செய்யும் பல தொழிற்சாலைகள் வந்தன. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது.

கைபேசியின் எட்டு ஆண்டுகள்

ஸ்ரீபெரும்புதூரின் வரலாற்றில் தனி அத்தியாயமாக எழுதத்தக்கது பின்லாந்தின் நோக்கியா நிறுவனத்தின் வரவும் செலவும். 2005இல் மாநில அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட அந்நிறுவனம், 2006 ஜனவரியில் இங்குக் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு ஒதுக்கப்பட்ட 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டது. மின்னேற்றி செய்யும் சால்காம்ப், உறுப்புகளைப் பொருத்தும் பாக்ஸ்கான் முதலிய நிறுவனங்கள் அதே வளாகத்தில் இடம்பெற்றன. உச்சநிலையில் நோக்கியாவின் நேரடி ஊழியர் மட்டும் சுமார் 8,000 பேர்; அவர்களுள் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப்படிப்போ முடித்த இளம்பெண்கள்.

இதன் சமூகப் பொருளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி, காஞ்சிபுரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண் என்றால் வயல்வேலை, தறிவேலை, அல்லது திருமணம் என்றிருந்த நிலையில், மாதச் சம்பளமும் சீருடையும் வங்கிக் கணக்கும் அப்பெண்களின் கைக்கு வந்தன. வைகறையிலும் நள்ளிரவிலும் நிறுவனப் பேருந்துகள் கூட்டுச்சாலைகளில் நின்று அவர்களை ஏற்றிச் சென்றன. தம்பியின் படிப்பும், தந்தையின் கடனும், வீட்டின் ஓட்டுக்கூரையும் அச்சம்பளத்தைக் கொண்டு தீர்ந்த குடும்பங்கள் பல. இந்நன்மையை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

எனினும் அந்நன்மைக்கு ஆயுள் எட்டாண்டுகளே. தொடுதிரைக் கைபேசிகளின் போட்டியில் நோக்கியா பின்தங்கியது. 2013இல் வருமான வரித்துறை, மென்பொருளுக்காகத் தாய்நிறுவனத்திற்குச் செலுத்திய தொகையில் வரி பிடித்தம் செய்யப்படவில்லை என்று கூறி, 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் கோரியது. அவ்வாண்டே நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க உடன்பட்டது. ஆனால் வரிவழக்கில் சிக்கிய இத்தொழிற்சாலை 2014 ஏப்ரலில் முடிவுற்ற அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அவ்வாண்டு இறுதியிலேயே பாக்ஸ்கானும் தன் கதவை மூடியது.

வரிவழக்கு பின்னர், 2018இல், இரு நாடுகளின் ஒப்பந்த வழியாகத் தீர்ந்தது. அரசுக்கு வரி கிடைத்தது. நிறுவனத்திற்கு வழக்கு முடிந்தது. இருபத்தைந்து வயதில் வேலையிழந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு அத்தீர்வால் யாதொன்றும் திரும்பவில்லை.

நான்கு ஊர்களின் ஒரே கதை

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நோக்கியா 2008இல் ஜெர்மனியின் போகும் நகரத் தொழிற்சாலையை மூடியது. சுமார் 2,300 பேர் வேலையிழந்தனர். அவ்வுற்பத்தி ருமேனியாவின் குளூஜ் நகருக்கு அருகிலுள்ள ஜூக்கு என்னும் சிற்றூருக்குச் சென்றது. அங்கே 2008இல் தொடங்கிய தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டது. அந்நிறுவனத்தின் தாயகமான பின்லாந்திலேயே, கைபேசித் தொழிலை நம்பி வாழ்ந்த சாலோ நகரத்தில் 2012இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2014இல் ஸ்ரீபெரும்புதூர். மொழியும் மதமும் தட்பவெப்பமும் வேறுபட்ட நான்கு ஊர்கள். ஆறு ஆண்டுகளுக்குள் நான்கிற்கும் ஒரே முடிவு.

போகும் நகரத் தொழிலாளி தன் வேலையை ஜூக்குக்காரர் பறித்தார் என்று எண்ணியிருக்கலாம். ஜூக்குவின் தொழிலாளி ஆசியாவைச் சுட்டியிருக்கலாம். உண்மையில் எவரும் எவருடையதையும் பறிக்கவில்லை. பொருத்தும் வேலை என்பது ஊரைச் சார்ந்ததன்று. கூலி, வரிச்சலுகை, சந்தை ஆகிய மூன்றையும் சார்ந்தது. இம்மூன்றில் ஒன்று அசைந்தாலும் அது இடம்பெயரும். இயந்திரங்கள் பெட்டிகளில் அடைக்கப்படும். கட்டடமும் காலிமனையும் எஞ்சும்.

மீண்டும் திறந்த கதவுகள்

ஸ்ரீபெரும்புதூரின் கதை அத்துடன் முடியவில்லை என்பது அதன் நற்பேறு. பாக்ஸ்கான் சில ஆண்டுகளில் சுங்குவார்சத்திரம் பகுதியில் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. 2019 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன்கள் அங்கே பொருத்தப்படுகின்றன. மூடிக்கிடந்த நோக்கியா தொழிற்சாலையைச் சால்காம்ப் வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சாம்சங்கின் தொழிற்சாலை 2007 முதலே குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி முதலியவற்றைச் செய்துவருகிறது. 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி சுமார் 1,465 கோடி டாலர். இந்திய ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு. அதில் பெரும்பகுதி இவ்வட்டாரத்தின் கைவேலை.

முதல் அலை வற்றியபின் இரண்டாம் அலை ஏன் இதே கரைக்கு வந்தது? சாலையும் துறைமுகமும் இங்கேயே இருந்தன. உற்பத்தி வரிசையை மேற்பார்த்த பொறியாளரும், கிட்டங்கியை நடத்தியவரும், சுங்க நடைமுறையை அறிந்த முகவரும் இங்கேயே இருந்தனர். அவர்களிடம் ஒருவகை மலகா ஊன்றியிருந்தது என்றே கொள்ளவேண்டும். ஆனால் உற்பத்தி வரிசையில் நின்ற பெண்ணிடம் அத்தகைய திறன் ஊன்ற வழி வைக்கப்படவில்லை. ஒரு திருகை முடுக்குவதும் ஒரு திரையைச் சோதிப்பதும் சில நாட்களில் கற்கத்தக்கவை. எத்தனை ஆண்டு செய்தாலும் அவை மற்றொரு தொழிலுக்குப் படியாவதில்லை. 2014இல் வெளியேறியவர்களே மீண்டும் அழைக்கப்படவில்லை. அவர்களுக்குப் பின் பள்ளியை முடித்த புதிய தலைமுறையே அழைக்கப்பட்டது.

அப்புதிய தலைமுறை வாழும் முறையும் மாறிவிட்டது. முன்னர் ஊரிலிருந்து பேருந்தில் வந்து சென்றோர் பலர். இன்று தென்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வருவோர் விடுதிகளில் தங்குகின்றனர். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஊழியர் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் நிலை தெரியாது தவித்த பெண்கள் டிசம்பர் 18 அன்று சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றே மீண்டும் இயங்கியது. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே தங்குமிடத்தின் தரம் பொதுப்பேச்சாயிற்று. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம்-வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதியை, 706 கோடி ரூபாய்ச் செலவில் அமைத்து, மாநில அரசு திறந்தது. அவ்வாண்டே செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சாம்சங் தொழிலாளர் சங்க உரிமை கோரி வேலைநிறுத்தம் செய்தனர். திருமணமான பெண்களை ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை என்று பாக்ஸ்கான் மீது 2024 ஜூனில் செய்தி நிறுவனம் ஒன்று குற்றம் சாட்டியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் அதனை மறுத்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியின் மக்கள்தொகை 2001இல் 16,000 அளவிலும், 2011இல் 25,000க்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தது. அதே காலத்தில் ஒரே ஒரு நிறுவனத்தில் வேலை செய்தோர் இதில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, இந்நகரை நகராக்கியவர்கள் இந்நகரின் மக்கள்தொகைக் கணக்கில் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு இங்கே வாக்கில்லை, வீடில்லை, பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்லை. விடுதிக் கட்டில் உண்டு. அது பணிக்காலம் முடியும் வரை.

அஜீர் காஸ், அஜீர் முஷ்தரக்

நம் ஃபிக்ஹு நூல்கள் கூலிக்கு உழைப்போரை இரு வகையாகப் பிரிக்கின்றன. தம் நேரத்தை ஒருவரிடமே ஒப்படைத்துக் கூலி பெறுபவர் 'அஜீர் காஸ்'. தம் கைத்திறனால் பொருளைச் செய்துமுடித்து, பலருக்கும் உழைத்துக் கூலி பெறுபவர் 'அஜீர் முஷ்தரக்'. தையற்காரரும் சாயக்காரரும் இதற்குரிய எடுத்துக்காட்டுகள். முன்னவர் குறித்த நேரத்தில் வந்து நின்றாலே கூலிக்கு உரியவர்; கொடுக்க வேலை இல்லையெனினும் கூலி உண்டு. பின்னவர் வேலையை முடித்தால் தான் கூலி. ஆனால் தொழில் அவருடையது.

இப்பிரிவினை மேலே சொன்ன இரு வட்டாரங்களையும் விளக்கப் பெரிதும் பயன்படுகிறது. பொதட்டூர்ப்பேட்டையின் நெசவாளி முஷ்தரக் வகையைச் சார்ந்தவர். நூல் விலை ஏறினால் அவர் தவிப்பார், மின்வெட்டு வந்தால் தறி நிற்கும், வருவாயோ குறைவு. ஆயினும் ஒரு முதலாளி போனால் மற்றொருவரிடம் அவர் நெய்யலாம். தறி வீட்டில் உள்ளது. திறன் விரலில் உள்ளது. மகன் அருகில் நின்று கற்கிறான். சுங்குவார்சத்திரத்துப் பெண் காஸ் வகையைச் சார்ந்தவர். அவரது வருவாய் நெசவாளியினும் ஒழுங்கானது. வைப்புநிதியும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ஆனால் வாயிற்கதவு மூடப்பட்ட அன்றே அவரிடம் விற்கத்தக்கது நேரம் ஒன்றே. அதை வாங்குவோர் வேறெவரும் அருகில் இல்லாமற் போகலாம்.

நெசவாளியின் பிள்ளைகள் தறியை விட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவதை நாம் குறை கூற இயலாது. வறுமையைப் பாரம்பரியமென்று போற்றுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் ஏறும்போது எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதை அறிந்து ஏறுதல் வேண்டும்.

தோல் வணிகர் கட்டிய நகரங்கள்

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு தொழில் வட்டாரம் நம் சமுதாயத்திற்கு மிக நெருக்கமானது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தவை. அவையும் ஏற்றுமதியை நம்பியவை. அவையும் உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வால் ஆட்டமுற்றவை. ஆனால் அங்கே முதலாளியும் ஊரார், தொழிலாளியும் ஊரார். ஆகவே இலாபத்தில் ஒரு பகுதி ஊரிலேயே தங்கிக் கல்வியாக மாறியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. தோல் வணிகர் காகா முஹம்மது உமர் அவர்கள் 1924இல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம், உமராபாத் என்னும் ஊரின் பெயரை அறிவுலகில் நிலைநாட்டியது. மேல்விஷாரத்துக் கொடைவள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் (1863-1938) பெயரால் 1965இல் அவ்வூரில் கல்லூரி எழுந்தது. சென்னை சென்ட்ரல் நிலையத்தின் எதிரே அவர் கட்டிய சித்தீக் சராய் வழிப்போக்கருக்கு நிழல் தந்தது. ஆம்பூரில் 1969 முதல் மழ்ஹருல் உலூம் கல்லூரி இயங்குகிறது.

இத்தொழிலின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. பதனிடும் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றச் செய்தது. கல்லூரி கட்டிய அதே செல்வம் ஆற்றையும் கெடுத்தது என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை நமக்கு வேண்டும்.

இவ்விரு வட்டாரங்களையும் அருகருகே வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். பாலாற்றங்கரையில் தொழில் தந்த செல்வம் ஊரிலே ஊன்றியது, அதன் கேடும் ஊரிலே தங்கியது. கேடு செய்தவரை ஊரார் பெயர்சொல்லி அழைத்து நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் செல்வம் கணக்குப்புத்தகங்கள் வழியே கடல் கடக்கிறது. அதனை ஆள்பவர் யாரென ஊரார் அறியார். அங்கே பழைய ஏரிகளின் வரத்துக்கால்வாய்கள் மனைகளாகவும் கிட்டங்கிகளாகவும் மாறியதன் விளைவை 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை மக்களும் உணர்ந்தனர். 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமானநிலையத்திற்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் நடத்திவரும் போராட்டமும் ஏரியும் வயலும் பற்றியதே.

எஞ்சும் வினா

ஸ்ரீபெரும்புதூர் அழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. அது வளரும் என்றே தோன்றுகிறது. திருத்தணி போன்ற ஊர்கள் அதன் உறைவிடங்களாக மேலும் மாறும். வினா, வளர்வது நகரமா, நகரத்தில் நிற்கும் கட்டடங்களா என்பதே. இப்னு கல்தூன் நகரத்தைக் கட்டடத்தால் அளக்கவில்லை. அங்கே வாழ்வோரிடம் ஊன்றிய திறனாலும், அவர்களைப் பிணைக்கும் கூட்டுறவாலும் அளந்தார். அவ்வளவுகோலின்படி ஒரு தொழில் நகரம் உண்மையான நகரமாக மூன்று தேவை.

முதலாவது, உழைப்பவர் அங்கே குடியேறி, மணந்து, பிள்ளை பெற்று வாழத்தக்க வீடுகள். விடுதி அவசரத்திற்கு உதவும்; குடும்பத்திற்கு உதவாது. இரண்டாவது, வரிசையில் நிற்பவர் மூன்றாண்டில் வேறொரு படிக்கு உயரத்தக்க பயிற்சி. இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும், தரத்தை அளக்கவும், வடிவமைக்கவும் கற்றவரிடம் தான் மலகா ஊன்றும். தொழிற்சாலை இடம்பெயர்ந்தாலும் அவர் வெறுங்கையராகார். மூன்றாவது, வரிச்சலுகையைக் கொடுக்கும்போதே, மூடப்படும் நாளில் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவைத்தல். கொடுக்கல் வாங்கலைக் காலம் குறித்து எழுதிவைக்கும் பழக்கம் நம் மரபில் வலியுறுத்தப்பட்ட ஒன்று. அதனை ஒரு கடைக்காரரிடம் எதிர்பார்க்கும் நாம், பெரு நிறுவனத்திடம் எதிர்பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

நம் சமுதாயத்தின் கல்வி அறக்கட்டளைகளுக்கும் இதில் பங்குண்டு. கலைக்கல்லூரிகளையும் அரபுக் கல்லூரிகளையும் தோல் வணிகர் கட்டிய காலம் போல், இன்று பழுதுபார்ப்பும் மின்னணுவியலும் கற்பிக்கும் சிறு தொழிற்பயிலகங்களை அரக்கோணம், திருத்தணி, சோளிங்கர் போன்ற ஊர்களில், எச்சமயத்தவரும் சேரத்தக்கவாறு, கட்டும் காலம் வந்துள்ளது. அதற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை, நெடுநோக்கே வேண்டும்.

புள்ளலூரில் வெடித்த ஏவுகணையைச் செய்த கைகளின் பெயரை எந்த நூலும் குறித்து வைக்கவில்லை. அத்திறன் வேறொரு நாட்டின் ஆயுதசாலையில் வேறொருவர் பெயரால் வழங்கலாயிற்று. இன்று அதே நிலப்பரப்பில் உலகின் மிக நுட்பமான கருவிகள் இளம்பெண்களின் விரல்களால் பொருத்தப்பட்டு வெளியேறுகின்றன. அவ்விரல்களில் திறன் தங்குமாறு செய்வதா, கருவியோடு அதுவும் வெளியேற விடுவதா என்பதை இவ்வட்டாரத்தாரும் அரசும் தீர்மானிக்க இன்னும் காலம் உண்டு.